நம் பில் எங்கே நிற்கிறது?
(கடைக்கும் அரசுத் தளத்துக்கும் நடுவில் நிற்கும் கம்பெனிகளைப் பற்றி ஒரு விளக்கம்)

2024 தீபாவளிக்கு முந்தைய வாரம் நடந்தது இது. மிளகாய் வற்றலும் மல்லியும் மொத்தமாக விற்கும் நமது உறுப்பினர் ஒருவர் கேரளத்துக்கு ஒரு லாரி சரக்கு ஏற்றினார். வரி நீங்கலாகச் சரக்கின் மதிப்பு 8,40,000 ரூபாய். இரவு 8 மணிக்குக் கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரில் பில் போட்டார். திரையில் பச்சை நிறத்தில் 'சக்சஸ்' என்று வந்தது, கீழே ஒரு எண்ணும் வந்தது. பில்லை அச்செடுத்து டிரைவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். பில்லின் மூலையில் கட்டம் கட்டமாக ஒரு க்யூ.ஆர். கோடும் இருந்தபடியால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

விடியற்காலையில் எல்லையை எட்டுவதற்கு முன்பே வரித்துறையின் பறக்கும் படை லாரியை நிறுத்தியது. அதிகாரி அந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பார்த்தார். 'பணம் செலுத்துக' என்ற பக்கம் திறந்தது. அது கடையின் யு.பி.ஐ. கோடு! பில்லில் அச்சாகியிருந்த எண்ணை ஈ-வே பில் தளத்தில் போட்டுப் பார்த்தார். அப்படி ஒரு ஈ-வே பில்லே இல்லை.

மிளகாய் வற்றலுக்கும் மல்லிக்கும் வரி 5 சதவீதம். ஆக, வரி 42,000 ரூபாய். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129-வது பிரிவின்படி, 1-1-2022 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின் கீழ், சரக்கின் உரிமையாளர் முன்வந்து விடுவிப்பதானால் கட்ட வேண்டிய வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம். அதாவது 84,000 ரூபாய். பண்டிகைச் சரக்கு தெருவில் நிற்கிறதே என்று அவர் வேறு வழியின்றிக் கட்டி லாரியை விடுவித்தார். அந்த லோடில் அவருக்கு நின்ற லாபம் அதில் பாதிகூட இல்லை.

சாப்ட்வேர் கம்பெனியைக் கேட்டபோது அவர்கள் சொன்ன பதில்: "எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது சார், அதற்குத்தான் சக்சஸ் என்று காட்டியது. அரசுத் தளத்துக்குப் போவதற்குள் கியூவில் நின்றுவிட்டது."

இந்தக் 'கியூ' என்பது என்ன, நம் பில்லுக்கும் அரசுத் தளத்துக்கும் நடுவே இவர்கள் யார், எந்த எண் வந்தால் பில் பதிவாகிவிட்டது என்று நம்பலாம் என்று பல உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் கேட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இது சாதாரண விஷயமாக இருக்கலாம். அபராதம் கட்டுவது நாம் என்பதால், நமக்குப் புரியும் வகையில் இங்கே எழுதுகிறோம்.

லாரி செட்டும் கம்ப்யூட்டரும்

நாம் ஒரு பார்சலை லாரி செட்டில் புக் செய்கிறோம். குமாஸ்தா மூட்டைகளை எண்ணிப் பார்த்து எல்.ஆர். கிழித்துக் கொடுக்கிறார். அந்த எல்.ஆர். எதற்குச் சாட்சி? சரக்கை லாரி செட்டுக்காரர் பெற்றுக்கொண்டார் என்பதற்கு. ஊரில் இருக்கும் வியாபாரி கையெழுத்துப் போட்டு டெலிவரி எடுத்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. எல்.ஆர். கையில் இருக்கிறது என்று எந்த மொத்த வியாபாரியும் பணம் வந்துவிட்டதாகக் கணக்கு எழுதமாட்டார். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் பச்சை எழுத்து வந்தால் மட்டும் நாம் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம்.

ஜி.எஸ்.டி. 1-7-2017 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கான கம்ப்யூட்டர் அமைப்பைத் திட்டமிடும்போதே ஒரு சிக்கல் இருந்தது. நாட்டிலுள்ள லட்சக்கணக்கான கடைகள் ஆளுக்கொரு சாப்ட்வேர் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கடையின் கம்ப்யூட்டரும் நேராக அரசுக் கம்ப்யூட்டரின் கதவைத் தட்ட அனுமதித்தால் பாதுகாப்பும் இராது, நெரிசலும் தாங்காது. ஆகவே நடுவில் சில நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தார்கள். இவர்களுக்கு ஜி.எஸ்.டி. சுவிதா புரொவைடர், சுருக்கமாக ஜி.எஸ்.பி. என்று பெயர். அரசு அமைப்போடு இணைவதற்கு அனுமதி பெற்றவர்கள் இவர்கள்தான். நம் கடையில் பில் போடும் சாப்ட்வேர் கம்பெனி பெரும்பாலும் ஜி.எஸ்.பி. அல்ல. அது ஒரு ஜி.எஸ்.பி.யிடம் ஒப்பந்தம் போட்டு, அவர்கள் கதவு வழியாக உள்ளே போகிறது. மிகப் பெரிய கம்பெனிகள் நேர் இணைப்பு வாங்கிக்கொள்ள வழி உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு நடுவில் ஒருவர் இல்லாமல் சாப்ட்வேரிலிருந்து பில் போகாது.

கம்பெனிகளின் பொதுக்கூட்டத்துக்குப் போக முடியாத பங்குதாரர் தன் சார்பில் இன்னொருவரை அனுப்புவதை 'ப்ராக்ஸி' கொடுப்பது என்பார்கள் அல்லவா? கம்ப்யூட்டர்காரர்களும் இந்த நடு ஏற்பாட்டுக்கு 'ப்ராக்ஸி சர்வீஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பங்குதாரர் சார்பில் ஓட்டுப் போட்டாலும் பங்கு அவருடையதுதான். அதுபோல, நம் பெயரில் இவர்கள் செய்தி அனுப்பினாலும் பில்லும் நம்முடையது, பொறுப்பும் நம்முடையது.

ஒரு பில் போகும் வழி

கணக்குப்பிள்ளை பட்டனை அழுத்தியதும் சாப்ட்வேர் அந்த பில்லை 'ஜேசன்' என்ற அமைப்பில் ஒரு கடிதமாக எழுதுகிறது. விற்பவர் ஜி.எஸ்.டி. எண், வாங்குபவர் எண், பில் எண், தேதி, ஒவ்வொரு சரக்கின் எச்.எஸ்.என். குறியீடு, அளவு, விலை, வரி எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கடிதம் இன்டர்நெட் வழியாகச் சாப்ட்வேர் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அங்கிருந்து ஜி.எஸ்.பி. கம்ப்யூட்டருக்கு. அங்கிருந்துதான் அரசுத் தளத்துக்கு. பதிலும் அதே வழியில் ஒவ்வொரு படியாகத் திரும்பி வர வேண்டும். நல்ல நேரத்தில் இத்தனையும் இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிடுவதால் நடுவில் ஆள் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

நடுவில் இருப்பவர் மூன்று விதமாக வேலை செய்யலாம். முதலாவது, வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே தள்ளிவிடுவது. அரசுத் தளம் சொன்ன பதிலை அப்படியே நமக்குக் காட்டுவார். இதில் குழப்பம் குறைவு.

இரண்டாவது, கடிதத்தைத் திருத்தி எழுதி அனுப்புவது. நம் கடையில் 'மூட்டை', 'சிப்பம்', 'டின்' என்று இருக்கும். அரசுத் தளத்துக்கு அளவுகளுக்கென்று மூன்றெழுத்துக் குறியீடுகள் உண்டு. மூட்டைக்கு ஒன்று, கிலோவுக்கு ஒன்று, குவிண்டாலுக்கு ஒன்று. நடுவில் இருப்பவரின் சாப்ட்வேர் இதை மாற்றிப் போடுகிறது. மாற்றும் அட்டவணையை முதல் நாள் தப்பாக எழுதியிருந்தால் 40 மூட்டை என்பது 40 கிலோ ஆகிவிடும். தொகை சரியாக இருப்பதால் கடையில் யாரும் கவனிக்கமாட்டார்கள். லாரியை எண்ணிப் பார்க்கும் அதிகாரி கவனிப்பார். புது சாப்ட்வேர் போட்டவர்கள் முதல் வாரத்தில் பத்து பில்லையாவது எடுத்து, அரசுத் தளத்தில் பதிவான அளவோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நம் கண்ணில் இருக்கும் கடைப் பிரதியோடு ஒத்துப் பார்த்துப் பயனில்லை, ஏனென்றால் தப்பு அதற்குப் பிறகுதான் நேர்கிறது.

மூன்றாவது, வாங்கி வைத்துக்கொண்டு பிறகு அனுப்புவது. நம் மிளகாய் லாரி மாட்டிக்கொண்டது இதில்தான்.

'கியூ' என்பது இதுதான்

அரசுத் தளத்துக்குள் போக ஒரு நுழைவுச் சீட்டு வேண்டும். 'டோக்கன்' என்பார்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் தளம் டோக்கனைத் தரும். ஈ-வே பில், ஈ-இன்வாய்ஸ் இரண்டிலும் அதன் ஆயுள் 6 மணி நேரம். காலை 9 மணிக்கு வாங்கினால் மாலை 3 மணிக்குக் காலாவதி. பிறகு புதிதாக வாங்க வேண்டும். இதை நடுவில் இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டர் தானாகவே செய்துகொள்ள வேண்டும்.

அன்று மாலை அந்தக் கம்பெனியில் டோக்கன் புதுப்பிக்கப்படவில்லை. அதன் பிறகு வந்த கடிதங்களை அரசுத் தளம் ஏற்கவில்லை. கம்பெனியின் கம்ப்யூட்டர் என்ன செய்திருக்க வேண்டும்? 'போகவில்லை' என்று கடைக்குத் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, 'பிறகு அனுப்பிக்கொள்கிறேன்' என்று எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்திவைத்து, ஒவ்வொன்றுக்கும் தன்னுடைய வரவு எண் ஒன்றைக் கொடுத்து, 'சக்சஸ்' என்று அனுப்பிவிட்டது. கணக்குப்பிள்ளை பார்த்தது அந்த வரவு எண். லாரி செட்டின் எல்.ஆர். எண்ணை டெலிவரிக் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டது போலத்தான்.

வரிசையில் நிறுத்தி அனுப்புவதே தப்பு என்று நாம் சொல்லவில்லை. இன்டர்நெட் விட்டு விட்டு வரும் ஊர்களில், நூறு பில்லை ஒரேயடியாக அனுப்பும் கடைகளில் அது உதவியான ஏற்பாடுதான். 'எங்கள் கைக்கு வந்தது', 'அரசுத் தளத்துக்கு அனுப்பினோம்', 'அரசுத் தளம் எண் கொடுத்தது' என்ற மூன்று நிலைகளையும் ஒரே பச்சை நிறத்தில் காட்டுவதைத்தான் நாம் குற்றம் சொல்கிறோம்.

சரி, உண்மையான எண்ணை எப்படி அடையாளம் காண்பது? ஈ-வே பில் எண் எப்போதும் 12 இலக்கம். குறைந்தாலும் கூடினாலும் அது ஈ-வே பில் எண் அல்ல. ஈ-இன்வாய்ஸுக்கு அரசுப் பதிவுத் தளம் தருவது ஐ.ஆர்.என். என்ற எண். எண் என்று சொன்னாலும் அதில் எழுத்தும் இலக்கமும் கலந்து 64 இடங்கள் இருக்கும். அதோடு ஒப்புகை எண்ணும் தேதியும், தளம் டிஜிட்டல் கையெழுத்திட்ட க்யூ.ஆர். கோடும் வரும். அந்தக் கோடைச் சாதாரண ஸ்கேனரில் படித்துப் பயனில்லை. ஜி.எஸ்.டி. நெட்வொர்க் வெளியிட்ட சரிபார்ப்பு ஆப்பில் காட்டினால் விற்பவர் எண், வாங்குபவர் எண், பில் எண், தொகை எல்லாம் வரும். பில்லில் யு.பி.ஐ. கோடும் அச்சடிப்பவர்கள் இரண்டுக்கும் மேலே பெயர் போட்டு, தள்ளித் தள்ளி அச்சடிக்கச் சொல்லுங்கள்.

சில்லறைக் கடைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2017-18 முதல் ஏதேனும் ஒரு நிதியாண்டில் 5 கோடி ரூபாய்க்கு மேல் மொத்த விற்றுமுதல் இருந்த வியாபாரி, 1-8-2023 முதல், வரி உள்ள சரக்கைப் பதிவு பெற்ற இன்னொரு வியாபாரிக்கு விற்கும்போது ஈ-இன்வாய்ஸ் போட்டே ஆக வேண்டும். போடாத பில் விதி 48(5)-இன்படி பில்லாகவே கருதப்படாது. அந்த பில்லை வைத்து உள்ளீட்டு வரி எடுத்த சிறு கடைக்காரருக்குத்தான் பிறகு கேள்வி வரும். நம்முடைய விற்றுமுதல் சிறியதாக இருக்கலாம், நமக்கு விற்பவருடையது பெரியது. ஈ-வே பில்லைப் பொறுத்தவரை, வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும் சரக்கு போனால் தேவை என்பது பலருக்கும் தெரிந்ததே. இந்தத் தொகை வரியையும் சேர்த்துக் கணக்கிடப்படுவது என்பதைத்தான் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

பதில் தொலைந்துபோனால்

முதல் கதையில் கடிதம் போகவே இல்லை. இதற்கு நேர்மாறான ஒரு சங்கடமும் உண்டு. நம் அனுபவத்தில் இதுதான் அடிக்கடி நடக்கிறது. கடிதம் போய்ச் சேர்ந்துவிடும், அரசுத் தளம் எண்ணும் கொடுத்துவிடும், பதில் திரும்பி வரும் வழியில் நடுவிலேயே நின்றுவிடும். கடைத் திரையில் 'டைம் அவுட்' என்று வரும். நடுவில் இருப்பவர் இத்தனை விநாடி காத்திருப்பேன் என்று ஒரு கெடு வைத்திருப்பார். கெடு முடிந்ததும் கை விரித்துவிடுவார். பில் பதிவானதா இல்லையா என்று அவருக்கும் தெரியாது.

எண்ணெய் மொத்த வியாபாரி ஒருவர் கடையில் இப்படி ஆனது. பையன் மறுபடி பட்டனைத் தட்டினான். 'டூப்ளிகேட்' என்று வந்தது. லோடு ஏற்றி ஆள் காத்திருக்கிறார். பையன் சாமர்த்தியமாக பில் எண்ணுக்குப் பின்னால் ஒரு 'ஏ' சேர்த்து அனுப்பினான். உடனே பச்சை விழுந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த மாதம் சரக்கு வாங்கிய சில்லறைக் கடைக்காரர் போன் செய்தார். "அண்ணாச்சி, ஒரு லோடுதான் இறக்கினீங்க. என் டூ-பி-யில ரெண்டு பில்லு நிக்குதே, எதுக்குப் பணம் கட்டணும்?" என்றார். அப்போதுதான் விஷயம் வெளியில் வந்தது. ஒரு விற்பனைக்கு இரண்டு பில் பதிவாகி, இரண்டும் தானாகவே ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் ஏறி, 3,60,000 ரூபாய்ச் சரக்குக்கு 18,000 ரூபாய் வரி இரண்டு தரம் நின்றது. ஐ.ஆர்.என்.-ஐ ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். அது எப்போதோ போய்விட்டது. கிரெடிட் நோட் போட்டு நேர் செய்தார்கள். வாங்கியவர் நல்ல மனிதர், தானே சொன்னார். சொல்லாமல் இரண்டு பில்லுக்கும் உள்ளீட்டு வரி எடுத்துக்கொண்டிருந்தால் வழக்கே வேறு.

இங்கே அரசுத் தளம் 'டூப்ளிகேட்' என்று மறுத்தது நம் நன்மைக்குத்தான். ஐ.ஆர்.என். என்பது விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவணத்தின் வகை, ஆவண எண் ஆகிய நான்கையும் சேர்த்து ஒரு கணக்கின்படி உண்டாக்கப்படுவது. இந்த நான்கும் மாறாதவரை எத்தனை தரம் கணக்குப் போட்டாலும் அதே 64 எழுத்துதான் வரும். ஆகவே அதே பில் எண்ணை நூறு தரம் அனுப்பினாலும் ஒரு தரம்தான் பதிவாகும். பயமில்லாமல் திரும்ப அனுப்பலாம். பில் எண்ணில் ஒரு புள்ளியை மாற்றினாலும் தளத்துக்கு அது வேறு பில். இன்னொரு விஷயம், 'டூப்ளிகேட்' என்று மறுக்கும்போது, முதலில் கொடுத்த ஐ.ஆர்.என்.-ஐயும் ஒப்புகை எண்ணையும் தளம் அந்தப் பதிலிலேயே சேர்த்து அனுப்புகிறது. நல்ல சாப்ட்வேர் அதை எடுத்து பில்லில் நிரப்பிவிடும். அரைகுறை சாப்ட்வேர் சிவப்பு எழுத்தை மட்டும் காட்டும். ஆவண எண்ணைக் கொடுத்து ஐ.ஆர்.என்.-ஐத் திரும்பக் கேட்கும் வசதியும் தளத்தில் இருக்கிறது. உங்கள் சாப்ட்வேரில் அதற்கு ஒரு பட்டன் உண்டா என்று கேளுங்கள். பதில் வராத பில்லை அன்றைக்கே கேட்டு முடித்துவிட வேண்டும். நாள் கடத்தினால் ரத்து செய்யும் அவகாசமும் போய்விடும்.

பில் எண்ணை மாற்றும் அதிகாரத்தைப் பையன்களிடம் கொடுக்க வேண்டாம். முதலாளியைக் கேட்காமல் யாரும் மாற்றக்கூடாது என்று கடையில் எழுதியே ஒட்டிவிடுங்கள். ரத்து செய்வதிலும் ஒரு வரிசை இருக்கிறது. அந்த பில்லுக்கு ஈ-வே பில் உயிரோடு இருந்தால் ஐ.ஆர்.என்.-ஐ ரத்து செய்ய முடியாது. முதலில் ஈ-வே பில்லை ரத்து செய்ய வேண்டும், அதற்கும் 24 மணி நேரம்தான். ரத்து செய்த பில் எண்ணில் மறுபடி ஐ.ஆர்.என். வாங்க முடியாது.

கல்லாவிலும் இதே கதைதான்

வாடிக்கையாளர் யு.பி.ஐ.யில் பணம் அனுப்பிவிட்டு, "என் கணக்குல கழிஞ்சிடுச்சு அண்ணே" என்று போனைக் காட்டுகிறார். நம் சவுண்டு பாக்ஸ் வாயே திறக்கவில்லை. அவருடைய வங்கி, நடுவில் தேசியக் கொடுப்பனவுக் கழகம், நம்முடைய வங்கி என்று செய்தி கை மாறிப் போகும்போது எங்கோ ஒரு இடத்தில் நின்றிருக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை.

ஆனால் பண விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு விதி போட்டது. கடைக்காரருக்கு உறுதிச் செய்தி வராமல் வாடிக்கையாளர் கணக்கில் கழிந்த பணம் 5 நாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு. ஜி.எஸ்.டி. பில் நடுவழியில் நின்றால் நமக்கு இப்படி நஷ்ட ஈடு தரும் விதி எதுவும் இல்லை. துறைக்கு முன் பதில் சொல்ல வேண்டியவர் சரக்கை அனுப்பியவர்தான். இந்த வித்தியாசத்தை அதிகாரிகள் முன்பும் சாப்ட்வேர் கம்பெனிகள் முன்பும் நாம் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் வியாபாரம் யார் கண்ணில் படுகிறது?

யாருக்கு விற்கிறோம், என்ன விலைக்கு விற்கிறோம், எத்தனை மூட்டை என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. மண்டியில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிய நம் பெரியவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வழியில் கடிதம் பூட்டித்தான் போகிறது என்பது உண்மை. ஆனால் பூட்டுவது பெரும்பாலும் கடையில் அல்ல, சாப்ட்வேர் கம்பெனியின் கம்ப்யூட்டரில். சாவி அவர்களிடம் இருக்கிறது.

ஈ-வே பில் தளத்தில் 'ஜி.எஸ்.பி.க்குப் பதிவு' என்ற இடத்தில், இன்ன ஜி.எஸ்.பி. வழியாக என் செய்திகள் வரும் என்று தேர்ந்தெடுத்து, அதற்கென்று தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டாக்குகிறோம். பல கடைகளில் சாப்ட்வேர் போட வந்த ஆளே இதைச் செய்துவிட்டுப் போய்விடுகிறார். முதலாளிக்கு அந்தப் பெயரும் தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது. சாப்ட்வேரை மாற்றிய பிறகும் பழைய கம்பெனியிடம் அந்தச் சாவி இருந்துகொண்டே இருக்கும். கடைக்குப் பூட்டு மாற்றுவது போல, சாப்ட்வேர் மாற்றிய அன்றே இதையும் மாற்றிவிட வேண்டும்.

நடுவில் நிற்பவர் படுத்துவிட்டால்

நடுவில் இருப்பவர் வேலை செய்யவில்லை என்றால் வியாபாரம் நிற்க வேண்டியதில்லை. ஈ-வே பில் தளத்தில் நாமே நேராக நுழைந்து பில் போடலாம். 1-7-2025 முதல் இரண்டாவது ஈ-வே பில் தளம் ஒன்றும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒன்று மக்கர் செய்தால் மற்றதில் போகலாம். ஈ-இன்வாய்ஸுக்கு தேசியத் தகவலியல் மையம் 'ஜெப்' என்ற இலவசக் கருவியைக் கொடுத்திருக்கிறது. மாதம் பத்து இருபது பில் போடும் கடைக்கு அதுவே போதும், இடையில் யாரும் வேண்டாம் என்பது நம் கருத்து.

ஆனால் அவசரத்தில் நுழைய முடியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. 1-4-2025 முதல் எல்லோருக்கும் கடவுச்சொல்லோடு ஓ.டி.பி.யும் கட்டாயம். முதலாளி கல்யாண வீட்டில் இருப்பார், ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும். இதற்கு வழி, கணக்குப்பிள்ளையைத் தளத்தில் துணைப் பயனராகப் பதிவு செய்து வைப்பது. அவருக்கு ஓ.டி.பி. அவருடைய போனுக்கே வரும். இதை இன்றைக்கே செய்துவைத்து, மாதம் ஒரு தரமாவது நேராக நுழைந்து ஒரு பில் போட்டுப் பழக வேண்டும். பழகாத கதவு அவசரத்துக்குத் திறக்காது.

சாப்ட்வேர் சந்தாவைப் புதுப்பிக்கும்போது ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். நாம் பார்த்த சில ஒப்பந்தங்களில், எந்த நஷ்டம் வந்தாலும் நீங்கள் கட்டிய சந்தாத் தொகைக்கு மேல் கம்பெனி பொறுப்பல்ல என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. மிளகாய் வியாபாரிக்கும் அதுவே நடந்தது. 84,000 ரூபாய் அபராதத்துக்கு அடுத்த ஆண்டுச் சந்தாவைத் தள்ளுபடி செய்கிறோம் என்றார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு சாப்ட்வேருக்கு மாறினார்.

மாறும்போது அவர் கேட்ட கேள்விகளை மற்றவர்களும் கேட்கலாம். அரசுத் தளத்தின் எண் வராத பில்லை அச்சடிக்க முடியாமல் தடுப்பீர்களா? வரிசையில் நிற்கும் பில்கள் எத்தனை என்று மாலையில் ஒரு பட்டியல் வருமா? எந்த நேரத்துக்கு அனுப்பினோம், என்ன பதில் வந்தது என்ற பதிவேட்டை நாங்கள் கேட்கும்போது எழுத்தில் தருவீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. அதிகாரி முன் விளக்கம் சொல்ல நேர்ந்தால், நாம் நேரத்தோடு அனுப்பினோம், நடுவில்தான் நின்றது என்பதைக் காட்ட அது ஒன்றுதான் காகிதம். 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 1-4-2025 முதல் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஈ-இன்வாய்ஸ் பதிவு செய்தாக வேண்டும், தாண்டினால் தளம் ஏற்காது. வரிசையில் மறந்துபோன ஒரு பில் முப்பத்தோராம் நாள் கண்ணில் பட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆகவே மாலைப் பட்டியலைக் கல்லாக் கணக்கோடு சேர்த்தே பார்க்கிறார் அவர்.

டிரைவர் சாவியைத் திருப்புவதற்கு முன் கணக்குப்பிள்ளை பென்சிலால் 12 இலக்கத்தையும் எண்ணிப் பார்த்து, லோடு நோட்டில் தன் கையால் எழுதிய பிறகே கேட்டைத் திறக்கிறார்களாம்.